முதியோர் இல்லங்களை நடத்துவோருக்கு: இரவில் பல்செட்டைக் கழற்ற வையுங்கள்

வணக்கம்.

உங்கள் இல்லத்துப் பெரியவருக்கு வாய் நாறினால், "வயசாயிடுச்சு", "வயிறு சரியில்லை" என்று விட்டுவிடாதீர்கள். வாய் நாற்றம் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே பிறப்பது. பின்நாக்கில் படியும் வெள்ளை மாவு, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உண்டாகும் பை, கழுவாத பல்செட் ஆகிய இடங்களில் காற்று வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகிப் புரதத்தைச் சிதைக்கின்றன. அப்போது வரும் கந்தக வாயுதான் அந்த வாடை. ஏலக்காயும் கிராம்பும் அதைச் சிறிது நேரம் மறைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் முதல் வேண்டுகோள் பல்செட் பற்றியது. இரவும் பகலும் கழற்றாமல் போட்டிருந்தால் செட்டுக்கு அடியில் பூஞ்சை வளரும். மேலண்ணம் சிவந்து புண்ணாகும். சாப்பிட்டதும் கழற்றி அலச வேண்டும். படுக்கப்போகும் முன் தனி பிரஷ்ஷும் மிதமான சோப்பும் கொண்டு உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் தேய்க்க வேண்டும். பேஸ்ட் வேண்டாம்: அது செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கீறல் போடும், அந்தக் கீறலில் கிருமி தங்கும். வெந்நீரும் வேண்டாம், செட் வளைந்துவிடும். கை நழுவினால் உடையாதபடி, தண்ணீர் நிரப்பிய பேசினுக்கு மேலே பிடித்துக் கழுவச் சொல்லுங்கள். பிறகு மூடியுள்ள டப்பாவில் சாதாரணத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். காய விட்டாலும் வடிவம் மாறும். அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். கம்பி போட்ட செட்டை ப்ளீச்சிங் கரைசலில் போடாதீர்கள், உலோகம் அரிக்கும். செட்டைக் கழற்றிய பின் ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் மென்மையான பிரஷ்ஷாலோ ஈரத்துணியாலோ துடைத்துவிடுங்கள்.

சொந்தப் பல் இருப்பவர்களுக்குக் காலையும் இரவும் 2 நிமிடம், மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட். பிரஷ்ஷை ஈறோரத்தில் 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கரித்தூள், செங்கல் பொடி, உப்பு வேண்டவே வேண்டாம். வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேர்ப்பகுதி பல்லின் மேற்புறத்தைவிட மென்மையானது, சீக்கிரம் தேய்ந்துபோகும். நாக்கைப் பின்னிருந்து முன்னாக, ரத்தம் வராதபடி வழித்தால் போதும்.

படுக்கையிலேயே இருப்பவர்களைத்தான் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டும். வாயில் சேரும் அழுக்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். அதனால் மல்லாக்கப் படுக்கவைத்துத் தேய்க்காதீர்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்தை ஒருபக்கம் திருப்பி, பட்டாணி அளவு பேஸ்ட்டில் தேய்த்து, ஈரப் பஞ்சுத்துணியால் துடைத்து எடுங்கள். துப்ப முடியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எச்சில் குறைந்தாலும் நாற்றம் கூடும். ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை, சிறுநீர்ப்பைக் கோளாறு ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் பல வாயை உலர்த்துபவை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தாதவரை, அடிக்கடி ஒவ்வொரு மடக்காகக் கொடுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாயை இன்னும் உலர்த்தும். கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நீண்ட நாள் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

ஈறில் ரத்தம், ஆடும் பல், சீழ் இருந்தால் பிரஷ் மட்டும் போதாது. பல்லில் கெட்டியாகப் படிந்த காறையைப் பல் மருத்துவரிடம் எடுத்தாக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் அவசரம், ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று மோசமாக்கும். வெற்றிலை, புகையிலை போட்டவர்கள் வாயில் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ கண்டால் உடனே காட்டுங்கள்.

இவ்வளவுக்கும் ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சில நிமிடங்களே ஆகும். மாத்திரை கொடுக்கும் அட்டவணையில் "இரவு வாய் சுத்தம்" என்று ஒரு கட்டம் சேர்த்து, செய்த பணியாளர் கையெழுத்திட ஏற்பாடு செய்யுங்கள். பல்செட் டப்பா ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் வாய் நலத்தில் அக்கறை கொண்ட பல் மருத்துவர்கள்