சிஸ்டம் ஸ்லோவா? செலவழிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, ஃபார்மட் போட்டுக் கொடுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் உங்களில் பாதிப் பேர் கடைக்குள் வருகிறீர்கள். ஃபார்மட் போடுவது எங்களுக்கு எளிதான வேலை. ஆனால் எதனால் இழுக்கிறது என்று பார்க்காமல் ஃபார்மட் போட்டால், கொஞ்ச நாள் பரவாயில்லை என்று ஓடிவிட்டு மறுபடி பழைய நிலைக்கே வந்துவிடும். இன்னும் சிலர் "இனி இது தேறாது" என்று முடிவு செய்து, தவணையில் புதிய லேப்டாப் வாங்கிவிட்டு, பழையதை எடைக்குப் போடலாமா என்று கேட்க வருகிறீர்கள். திறந்து பார்த்தால் ஒரே ஒரு பாகத்தை மாற்றினால் இன்னும் சில வருடம் நன்றாக உழைக்கிற மெஷினாக இருக்கிறது. அந்தப் பணம் வீணாவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேண்டுகோள். போன வாரம் வரை நன்றாக ஓடிய சிஸ்டம் திடீரென்று இழுக்க ஆரம்பித்தால், அதை வேகப்படுத்த நீங்களாக எதையும் செய்து பார்க்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது என்றால் பெரும்பாலும் முதலில் இப்படித்தான் காட்டும். டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டிருந்தால், அங்கே இருக்கும் தகவலை அது திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை திரை அப்படியே நின்றுவிடும், மவுஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் டீஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது) ஓட்டுவது, செக் டிஸ்க் (டிஸ்க்கைச் சோதிப்பது) ஓட்டுவது எல்லாம் டிஸ்க்கின் கடைசி மூச்சையும் வாங்கிவிடும். உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். சத்தம் இல்லை என்றால் முதல் வேலை, ஃபைல்களை வெளியே காப்பி எடுப்பது.

காப்பி என்றால் டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும் எடுத்தால் போதாது. டேலி கணக்கு தனி ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். டேலியைத் திறந்தால் எந்த இடம் என்று அதுவே காட்டும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிடிபி (பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கும்) வேலை செய்கிறவர்கள் எந்தத் தமிழ் எழுத்துரு, எந்தக் கீபோர்டு என்று எங்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பாமினியில் அடித்த பத்திரிகை ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியாது. பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், பத்திர நகல், குடும்பப் படங்கள் எல்லாம் சிஸ்டத்தில் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

சரி, இப்போது எது இழுக்கிறது என்று பார்ப்போம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஆன் செய்து பத்து நிமிடம் கழித்துத் திறவுங்கள், ஏனென்றால் ஆன் செய்த உடனே எல்லா மெஷினும் கொஞ்சம் திணறத்தான் செய்யும். அதில் சிபியு (அதாவது பிராசஸர்), மெமரி, டிஸ்க் என்று மூன்று எண்கள் தெரியும். எது 100-ஐ ஒட்டியே நிற்கிறது என்று பார்த்து, மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தப் படத்தைக் காட்டினாலே எங்கே கை வைக்க வேண்டும் என்று எங்களுக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

எங்களிடம் வரும் பழைய சிஸ்டங்களில் பெரும்பாலும் டிஸ்க்தான் 100 என்று நிற்கிறது. அதன் பக்கத்திலேயே வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு ஒன்றோ இரண்டோ எம்பிதான் இருக்கும். "இவ்வளவு குறைவாகப் போகும்போது எப்படி 100 சதவீதம் ஆகும்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, டெஸ்க்டாப் டிஸ்க் பெரும்பாலும் 7200 சுற்று. தகவலைப் படிக்கும் முள் சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், பிறகு வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 மில்லிசெகண்ட் இதற்கே போகிறது. ஒரு பெரிய சினிமா ஃபைலைத் தொடர்ச்சியாகப் படித்தால் அதே டிஸ்க் நொடிக்கு 100 எம்பிகூடக் கொடுக்கும். விண்டோஸ் திறக்கும்போது கேட்பதோ அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். நொடிக்கு நூறு ஃபைலைத் தேடி எடுப்பதற்குள் முள்ளுக்கு மூச்சு முட்டிவிடுகிறது. மளிகைக் கடையில் முதலாளி எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டாலும், ஏணி ஏறிச் சாமான் எடுத்துத் தருவது ஒரே பையன் என்றால் கூட்டம் நகராது அல்லவா, அதேதான் இங்கும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. எல்லாம் சிப். ஒரு தகவலை எடுக்க மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. பழைய மெஷினில் பொருந்தும் சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். உண்மையில் நீங்கள் உணரும் மாற்றம் அந்த எண்ணால் வருவது இல்லை, காத்திருப்பு போய்விடுவதால் வருவது. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்த சிஸ்டம், அரை நிமிடத்துக்குள் வேலைக்குத் தயாராக நிற்கும். ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே ஒயரில் இது உட்காரும். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதில் இருப்பதை அப்படியே க்ளோன் செய்து கொடுத்துவிடுவோம். உங்கள் புரோகிராம், பாஸ்வேர்டு எதையும் மறுபடி போட வேண்டியதில்லை. வீட்டு உபயோகத்துக்கு 250 ஜிபி அளவே தாராளம். படங்கள் அதிகம் என்றால், டெஸ்க்டாப்பில் பழைய டிஸ்க்கையும் இரண்டாவதாக உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். 2 டிபி என்று பெரிதாக எழுதி, நம்ப முடியாத விலைக்கு ஆன்லைனில் வரும் எஸ்எஸ்டியை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அவற்றில் போலி நிறைய. எழுதிய ஃபைல் பாதியில் காணாமல் போகும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். குறைந்த விலைக்கு வாங்கிய சின்ன லேப்டாப்களில் டிஸ்க்குக்குப் பதிலாக 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பை மதர்போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அதைக் கழற்றி மாற்ற முடியாது. அதில் இடத்தைக் காலி செய்து கொடுக்கத்தான் எங்களால் முடியும்.

மெமரிதான் நிரம்பி நிற்கிறது என்றால் ராம் விஷயம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம். 4 ஜிபி உள்ள சிஸ்டத்தில் விண்டோஸே கிட்டத்தட்ட பாதியை எடுத்துக்கொள்ளும். அப்புறம் குரோமில் பத்து டேப், ஒரு ஆன்லைன் வகுப்பு, ஆன்டிவைரஸ் என்று சேர்ந்தால் ராம் போதாமல், மீதியை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அந்த டிஸ்க் சுழலும் டிஸ்க்காகவும் இருந்துவிட்டால் சிஸ்டம் நகரவே நகராது. 8 ஜிபி இருந்தால் வீட்டு வேலைக்குச் சிரமம் இல்லை. வாங்கும் முன் எங்களிடம் காட்டுங்கள். ராமில் டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு, டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 8 ஜிபி ராம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது, முதலில் 64 பிட்டுக்கு மாற்ற வேண்டும். விலையைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ராம் விலை ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். சென்னையின் கம்ப்யூட்டர் உதிரிபாகச் சந்தையான ரிச்சி தெருவிலும் நேற்றைய விலை இன்று இல்லை. அதனால் இங்கே விலை எழுதவில்லை, கேட்கும் அன்றைய விலையைச் சொல்கிறோம். முதலில் எஸ்எஸ்டி, கையில் காசு சேர்ந்த பிறகு ராம் என்பதுதான் பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் யோசனை.

இனி நம் வடசென்னைப் பகுதிக்கே உரிய தொல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியோ எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கமோ வீடு என்றால் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி ஜன்னல் வழியாக நேராக சிபியு பெட்டிக்குள் போகிறது. காசிமேட்டுப் பக்கம் உப்புக் காற்று வேறு. அங்கிருந்து வரும் கேபினெட்டைத் திறக்கும்போது முதலில் திருகு வராது, தலை துருப்பிடித்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்கும். திறந்தால் பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம். விரலால் இழுத்தால் முழுசாக உரிந்து வரும். சமையலறை ஆவியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் அது பிசுபிசுப்பாகிவிடும், ப்ளோயர் அடித்தாலும் போகாது. காற்று போக வழி இல்லாததால் பிராசஸர் சூடாகிறது. 90, 100 டிகிரியை நெருங்கினால், எரிந்துபோகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதியத்தில் இழுத்து, விடியற்காலையில் நன்றாக ஓடுகிற சிஸ்டம் என்றால் முதல் சந்தேகம் இதில்தான். சுத்தம் செய்து, பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை எடுத்துப் புதிதாகத் தடவினால் ஃபேன் சத்தமும் அடங்கும். ராம் காலில் பச்சை பூத்திருந்தால் அதையும் துடைத்துப் போடுவோம். வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும், சாலையோர வீடு என்றால் இரண்டு முறை.

கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஓர் ஸ்டூல் உயரம் இருந்தாலே பல மெஷின்கள் தப்பும். ஒருவேளை நனைந்துவிட்டால், காய்ந்தது போலத் தெரிந்தாலும் ஆன் செய்யாமல் கொண்டுவாருங்கள்.

காசு செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. நீங்கள் தினமும் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, உள் வேலைகளின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அங்கிருந்தே தொடரும். அதனால் பழைய சிக்கல் அப்படியே தங்கும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பகுதியில் தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். ஆன்டிவைரஸ் ஒன்று போதும். இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று சோதித்துக்கொண்டே மெஷினைத் தின்றுவிடும். "உங்கள் பிசியில் 1,500 கோளாறுகள், இதை இறக்கினால் வேகமாகும்" என்று வருவதை இறக்கவே இறக்காதீர்கள். விண்டோஸின் உள் அமைப்புப் பதிவுகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி க்ளீனரை மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைப்பதில்லை. திரை முழுக்க எச்சரிக்கை வந்து ஒரு போன் நம்பரைக் காட்டினால் அது மோசடி. கூப்பிடாதீர்கள், எந்த ஓடிபியும் சொல்லாதீர்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெற செட்டிங்ஸில் பதிந்துகொள்ளலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். தகுதி இல்லாத மெஷினில் குறுக்கு வழியில் போட முடியும்; ஆனால் வங்கி வேலையும் ஜிஎஸ்டியும் பார்க்கும் சிஸ்டத்தில் நாங்கள் அதைச் செய்வதில்லை. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பழைய லேப்டாப்கள் நிறைய வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. அவற்றில் எஸ்எஸ்டி ஒன்றும், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டும் போட்டால் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கவும், வீடியோ பார்க்கவும், தமிழில் தட்டச்சு செய்யவும் நன்றாகவே பயன்படும். டேலி மட்டும் அதில் நேரடியாக ஓடாது.

டிடிஆர்2 ராம் உள்ள மதர்போர்டு என்றால் ஒரு ரூபாயும் போட வேண்டாம் என்றுதான் சொல்வோம். அந்தப் பணத்தை அடுத்த மெஷினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது உங்கள் கண் முன்னால் திறந்து, டிஸ்க்கின் நிலையைத் திரையில் காட்டி, என்ன செலவு என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்போம். கழற்றிய பழைய டிஸ்க், ராம் எதுவானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பொருள். அதிலும் டிஸ்க்கை எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், உங்கள் வீட்டுப் படங்களும் கணக்கும் அதில் இருக்கின்றன.

டெஸ்க்டாப் என்றால் சிபியு பெட்டி மட்டும் போதும், மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜரும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். விண்டோஸ் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் தராமல் ஐந்து நிமிடம் இருந்து நீங்களே போட்டுக் கொடுங்கள். காலையில் கொடுத்தால் க்ளோன் வேலை அன்று மாலையே பெரும்பாலும் முடிந்துவிடும்; டிஸ்க்கில் பழுது இருந்தால் கூடுதல் நேரம் ஆகும், அதைப் போனில் சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை