பீஸ் மட்டும் கணக்கு இல்லடி

அடியே வாயாடி,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆச்சு, பதில் போடலன்னு திட்டாத, இங்க அசைன்மென்ட் குடுக்க கடைசி தேதி, கண்ணாடிய நெத்தில ஏத்தி விட்டுட்டு அத வீடு பூரா தேடிட்டு இருந்தேன். 47 வயசுல எம்ஏ சேரப்போறேன்னு நீ எழுதுனத படிச்சதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஆனா அடுத்த வரிலயே ரிட்டயர்மென்ட்டுக்கு சேத்து வச்சத உடைச்சு பீஸ் கட்டிரவா, இல்ல லோன் போடவான்னு கேட்டிருந்த பாரு, அங்கதான் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு.

சேத்து வச்சதுல கை வைக்காதடி. 8 சதவீதம் வளருதுன்னே வச்சுக்க, இப்ப 100 எடுத்தீன்னா 60 வயசுல அது 272 ஆகியிருக்கும். நீ எடுக்கறது நூறு, போறது இருநூத்தி எழுபத்திரண்டு. சரி லோனே போடலாம்னு பாத்தா அதுவும் லேசுப்பட்டது இல்ல. படிக்கறப்ப கட்ட வேணாம், முடிச்சு ஒரு வருஷம் கழிச்சு கட்டுனா போதும்னு இனிக்க இனிக்க சொல்வாங்க, ஆனா வட்டி அன்னிக்கே ஓட ஆரம்பிச்சுரும். 10 சதவீத வட்டிக்கு 100 வாங்குனா, 2 வருஷ படிப்பு, 1 வருஷ அவகாசம் முடியறப்ப வட்டிய வருஷா வருஷம் அசலோட சேத்து 133ன்னு வச்சு அதுக்குதான் தவணை போடுவாங்க. அத 10 வருஷத்துல மாசத் தவணையா அடைச்சா மொத்தம் 211 கட்டியிருப்ப, அப்ப உனக்கு வயசு சரியா 60. படிக்கற ரெண்டு வருஷமும் அந்த அவகாச வருஷமும் வட்டிய மட்டும் வருஷா வருஷம் கட்டிட்டு வந்தா 189ல முடியும். லோன்தான்னு முடிவு பண்ணுனா இந்த ஒண்ணையாவது செய், முன்னாடியே அடைச்சா அபராதம் உண்டான்னும் கேட்டுக்க. இருபது வயசு பசங்களுக்கு லோன் வாங்குனா சம்பாதிக்க நாப்பது வருஷம் கிடக்கு, நமக்கு அது இல்ல.

நான் பண்ணுன தப்பையும் சொல்லிடறேன், சிரிக்காத. பீஸ் கணக்க அழகா ஒரு நோட்ல எழுதி வச்சிருந்தேன், செமஸ்டர் வாரியா, கலர் பேனாலல்லாம். அதுல ஒரே ஒரு வரிய விட்டுட்டேன், வேலைய விட்டா நிக்கற சம்பளம்! மொத வருஷம் முழுநேரமா சேந்து ஆறே மாசத்துல சேமிப்பு கரைஞ்சுது பாரு, அப்பதான் உறைச்சுது, பீஸ விட வராத சம்பளம்தான் பெரிய செலவுன்னு. அப்புறம் பகுதிநேரத்துக்கு மாத்திக்கிட்டு திரும்ப வேலைக்கு போனேன். புது ஆபீஸ்ல படிப்பு செலவ திருப்பி தர்றாங்கன்னு தெரிஞ்சு ரசீதெல்லாம் தூக்கிட்டு ஓடுனா, பணம் கட்டறதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கியிருக்கணுமாம், அந்த செமஸ்டர் பணம் போனது போனதுதான். அடுத்த செமஸ்டருக்கு ஒழுங்கா மொதல்லயே கேட்டு வாங்குனேன், ஆனா முடிச்சப்புறம் 2 வருஷம் அங்கேயே இருக்கணும், நடுவுல போனா திருப்பி கட்டணும்னு கையெழுத்து வாங்கிட்டுதான் குடுத்தாங்க. நீ வேற வேலைக்கு போகத்தான் படிக்கறேன்னா இந்த ஷரத்த ரெண்டு தடவ படி.

இந்த செமஸ்டர் பாடத்துல ஒண்ணு வந்துச்சு, உன் ஞாபகம்தான். 1944ல அமெரிக்கால போர்லேந்து திரும்புனவங்க படிக்கணும்னு சட்டம் போட்டாங்கல்ல, அதுல பீஸ் மட்டும் குடுக்கல, வீட்டு செலவுக்கும் மாசா மாசம் பணம் குடுத்தாங்க, சுமார் 22 லட்சம் பேர் காலேஜுக்கு போனாங்க. குடும்பஸ்தன் படிக்க வந்தா அடுப்பு எரியணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் அந்த ஆறு மாசம் தெரியல. ஆஸ்திரேலியால 1989லேந்து இன்னொரு விதம், பீஸ கடனா வச்சுக்கிட்டு வருமானம் ஒரு அளவ தாண்டுனாதான் வரியோட சேத்து பிடிப்பாங்க. எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா சொல்லு.

அதனால என் யோசனை, அகலக்கால் வைக்காத. வேலைய விடாம பகுதிநேரமா சேரு, செமஸ்டருக்கு ரெண்டு பேப்பர் போதும், அந்தந்த பீஸ அந்தந்த சம்பளத்துல கட்டு. ரெண்டு வருஷம் நாலு வருஷமா ஆகும், ஆகட்டுமே. வருஷா வருஷம் பீஸ் ஏறும், அத மட்டும் கணக்குல வச்சுக்க. பழைய மார்க் ஷீட்ட தேடி எடு, முன்னாடி பாதில விட்ட கோர்ஸ்ல ஏதாவது பேப்பர் இதுக்கு செல்லுமான்னு கேளு, ஒரு பேப்பர் கழிஞ்சாலும் அந்த பீஸ் மிச்சம். ஸ்காலர்ஷிப்புக்கு வயசாயிடுச்சுன்னு நீயே முடிவு பண்ணாத, நெறைய எடத்துல வயசு வரம்பு இருக்குதான், ஆனா இடைவெளி விட்டு திரும்ப வர்ற பொம்பளைங்களுக்குன்னே தனியா குடுக்கறதும் இருக்கு.

என் பொண்ணு ரசீதும் என் ரசீதும் இப்ப ஒரே கவர்ல கிடக்கு, போன வாரம் அவ எடுத்து பாத்துட்டு "அம்மா நீ லேட் பைன் கட்டியிருக்க"ன்னு கண்டிக்கறா, எனக்கு சிரிப்பு தாங்கல.

சேர்ற முடிவ நாளைக்கே எடுக்காத. அந்த பீஸ் விவரம் இருக்கற பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பு, கீழ பொடி எழுத்துல "இதர கட்டணங்கள்"னு போட்டிருப்பான் பாரு, அதையும் சேத்து எடு. ஞாயித்துக்கிழமை எனக்கு பரீட்சை, திங்கக்கிழமை ராத்திரி போன் பண்றேன், உக்காந்து கூட்டி பாப்போம்.

உன்
கடைசி பெஞ்சு