கண்ணுக்குத் தெரியும் கரைக்கு ஒரு பாலம் கேட்டு

பெர்தெக் – எலாசிக் வழிக்குப் பொறுப்பேற்றுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிழக்குத் துருக்கியில், அணையால் உருவான கெபான் ஏரியின் வடகரையில், பெர்தெக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு மருமகளாக வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கோபத்தில் எழுதும்போது பிறந்த மொழியில்தான் எனக்குச் சொல் பிசகாமல் வருகிறது என்பதால் இம்மடலைத் தமிழில் எழுதியிருக்கிறேன். இதன் துருக்கிய வடிவம் தங்கள் மேசைக்குத் தனியே வந்து சேரும். எங்கள் ஊரின் கதை தங்களுக்குத் தெரியாததன்று. மனுக்களாகவும் கையெழுத்துகளாகவும் அது தங்கள் கோப்புகளில் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே கடந்த சனவரி மாதத்து இரவு ஒன்றைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

அன்று முற்றத்து உறைபனியில் வழுக்கி விழுந்த என் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இங்குள்ள மருத்துவர் வலிக்கு ஊசி போட்டுவிட்டு, அறுவைக்கு ஏரிக்கு அக்கரையிலுள்ள எலாசிக் நகரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆம்புலன்சு படகுத்துறைக்கு வந்தபோது இரவு மணி ஒன்பதரை. ஏரியில் காற்று எழும்பியிருந்ததால் வாகனப் படகு நிறுத்தப்பட்டிருந்தது. அந்தக் காற்றில் படகை எடுக்க மறுத்தவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் செய்ததே சரி. காற்று தணியும் என்று ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். தணியவில்லை. பிறகு வண்டியைத் திருப்பி, ஏரியைச் சுற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைப்பாதையில், பனியின் மேல் ஊர்ந்து போனோம். ஒவ்வொரு வளைவிலும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் என் தோலில் இருக்கிறது. வண்டி திரும்பியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எதிரே விளக்கு தெரிகிறதே, அதை விட்டுவிட்டு எங்கே போகிறோம்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு பாலம் வேண்டும்.

அணை கட்டியது தவறு என்று வாதிட நான் வரவில்லை. 1974 வாக்கில் நீர் தேங்கியபோது அத்தைக்கு இருபது வயது. முராத் ஆற்றங்கரையில் இருந்த பழைய பெர்தெக், அதன் தோட்டங்களோடும் கடைத்தெருவோடும் நீருக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஆற்றை மேலிருந்து காவல் காத்த கோட்டை இன்று ஏரி நடுவே தீவாகி, சுற்றுலாச் சுவரொட்டிகளில் அழகாக நிற்கிறது. 1,330 மெகாவாட் திறனுள்ள அந்த மின்நிலையத்தால் நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது. அந்த வெளிச்சத்தின் ஒரு துளியைத்தான் அன்றிரவு அக்கரையில் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒன்றை மட்டும் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய ஊரிலிருந்த சுங்குர் பே மசூதியையும் செலபி அலி மசூதியையும் மூழ்கவிடாமல், கல் கல்லாகப் பிரித்து, மேட்டுக்குக் கொண்டுவந்து, இருந்தபடியே மீண்டும் அடுக்கிக் கொடுத்தார்கள். எந்தக் கல் எந்த வரிசையில் இருந்தது என்பதை மறக்காத ஓர் அரசு, அந்த ஊரின் மனிதர்கள் எந்த வழியாக ஆற்றைக் கடந்தார்கள் என்பதை மட்டும் எப்படி மறந்தது? கல்லுக்குக் கிடைத்த கவனம் எங்களுக்கும் கிடைத்திருந்தால், பாலம் கேட்டு எழுத வேண்டிய தேவையே இந்தத் தலைமுறைக்கு வந்திருக்காது.

பாலம் கட்டுவது இந்த நாட்டுக்குக் கைவராத வித்தை என்றும் சொல்லமுடியாது. அத்தாதுர்க் அணை விழுங்கிய பழைய பாலத்துக்கு மாற்றாக, அதியமான் நகருக்கும் சிவெரெக் நகருக்கும் இடையே நிசிபி பாலம் 2015இல் திறக்கப்பட்டது. அங்கும் அதுவரை மக்கள் படகுக்காகத்தான் காத்துக் கிடந்தார்கள். அதே ஆண்டில், இதே கெபான் ஏரியின் மேல், எலாசிக் மாகாணத்து ஆகின் மாவட்டத்துக்கும் பாலம் வந்தது. சனக்கலேயில் இரு கோபுரங்களுக்கு இடையே 2,023 மீட்டர் நடுத்தாவு கொண்ட, உலகிலேயே நீளமான தொங்குபாலத்தை ஐந்தே ஆண்டுகளில் முடித்து 2022இல் திறந்துவைத்தீர்கள். 2023இல் வந்த குடியரசின் நூற்றாண்டைக் குறிக்கும்படி மீட்டர்க் கணக்கையே பொருத்திய நுட்பத்தை வியக்கிறேன். எங்கள் பாலத்துக்கும் ஏதேனும் ஆண்டுவிழாவை நினைவூட்டும் நீளம் அமைந்தால்தான் கோப்பு நகரும் என்றால், தயவுசெய்து சொல்லுங்கள். பொருத்தமான ஓர் ஆண்டை ஊரார் கூடித் தேடித் தருகிறோம். இன்னும் பின்னே போனால், 1937 நவம்பரில், குடியரசை நிறுவிய அத்தாதுர்க் அவர்களே இப்பகுதிக்கு நேரில் வந்து சிங்கெச் பாலத்தைத் திறந்துவைத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பாலங்களும் சாலைகளும் யார் கடப்பதற்காக அவசரமாகப் போடப்பட்டன என்பதைப் பற்றி இங்குள்ள முதியவர்கள் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். அது வேறு மடலுக்குரிய செய்தி. படை கடக்க வேண்டுமென்றால் பாலம் விரைந்து எழும், நோயாளி கடக்க வேண்டுமென்றால் காற்று தணியட்டும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

வரம்பு மீறி எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. படகில் குறையே தவிர வேறெதுவும் காணாதவள் என்றும் எண்ணவேண்டாம். வெயில் நாளில், கையில் தேநீருடன், கோட்டையைக் கடந்து போகும் அந்தப் பயணம் இனியதுதான். பார்க்க வருபவர்கள் கட்டாயம் அதில் போகட்டும். ஆனால் பிரசவ வலியோடு போகிறவளுக்கும், தேர்வு நாளன்று போகிற மாணவனுக்கும், ஆட்டுப் பாலாடைக்கட்டியைச் சந்தை நேரத்துக்குள் சேர்க்க வேண்டியவனுக்கும் அது உல்லாசப் பயணம் அன்று. அவர்களுக்கு இருக்கும் ஒரே குறுக்குவழி. அந்த வழியைத் திறப்பதும் மூடுவதும் காற்றின் கையில் இருக்கிறது.

ஆகவே மிகப் பணிவுடன் மீண்டும் கேட்கிறேன்: பெர்தெக்குக்கும் எலாசிக் கரைக்கும் இடையே பாலம் கட்டுங்கள். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்ற இரண்டு தேதிகளை எழுத்தில் கொடுங்கள். தேர்தல் மேடையிலிருந்து வரும் தேதிகள் எங்களிடம் போதுமான அளவு இருக்கின்றன. அதுவரை, படகு நிற்கும் இரவுகளில் நோயாளியை எப்படி அக்கரை சேர்ப்பது என்பதற்கு ஓர் ஏற்பாட்டைச் செய்து, அதை ஊருக்கு அறிவியுங்கள்.

அத்தை இப்போது கைத்தாங்கி பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். வரும் மாதம் மறுபரிசோதனைக்கு எலாசிக் போக வேண்டும். தேதியைச் சொன்னதும் அவர் மருத்துவர் பெயரைக் கேட்கவில்லை. அன்றைக்குக் காற்று இருக்குமா என்றுதான் கேட்டார்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
பெர்தெக் மாவட்டத்து மருமகள் ஒருத்தி