ஃப்ரிட்ஸும் போர்க் ரோலும்

அன்புள்ள சேகர்,

உன் மெயிலுக்கு இப்போதுதான் பதில் எழுத உட்கார முடிந்தது, தப்பா நினைக்காதே. பார்சிப்பனி வீட்டைக் காலி செய்துவிட்டுச் செர்ரி ஹில்லுக்கு வந்துவிட்டோம். லதாவுக்கு ஃபிலடெல்ஃபியாவில் வேலை கிடைத்துவிட்டது, பெரியவளும் கனெக்டிகட்டில் காலேஜ் சேர்ந்துவிட்டாள், அப்புறம் வடக்கே இருந்து என்ன செய்ய? அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலை, உன்னை விசாரித்தார்கள்.

சிட்னியில் டெவன் என்று கேட்டு வாங்கிய அதே அரைத்துச் செய்த உருளைக் கறியை அடிலெய்டில் ஃப்ரிட்ஸ் என்று கேட்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, எனக்கும் இங்கே அதே கதைதான். நீயாவது மாநிலம் விட்டு மாநிலம் போனாய். நான் நியூ ஜெர்சிக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் தெற்கே வந்ததற்கு, காலையில் வழக்கமாகச் சாப்பிடும் சாண்ட்விச்சுக்குப் பெயர் மாறிவிட்டது. பார்சிப்பனியில் டெய்லர் ஹாம், இங்கே போர்க் ரோல். பன்றிக்கறியை அரைத்து, உப்பும் மசாலாவும் சேர்த்து, லேசாகப் புகை போட்டு உருளையாகச் செய்வது. வட்டமாக நறுக்கிக் கல்லில் போடுவதற்கு முன்னால் ஓரத்தில் நாலு கீறல் போடுவார்கள், இல்லாவிட்டால் சூட்டில் நடுப்பகுதி குமிழாக எழும்பிச் சரியாக வேகாது. ஓரம் மொறுமொறுவென்று ஆனதும் முட்டையும் சீஸும் வைத்து ரோலுக்குள் அடக்கித் தாளில் சுற்றிக் கொடுத்தால், அந்தச் சூட்டோடு காரிலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

1856-இல் டிரென்டனில் ஜான் டெய்லர் என்பவர் செய்தது. அவர் அதை ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றித்தொடைக் கறி, என்றுதான் விற்றார். 1906-இல் அமெரிக்க அரசு உணவுக் கலப்படத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, ஹாம் என்றால் இன்னதுதான் என்ற வரையறைக்குள் இது வரவில்லை, போர்க் ரோல் என்று மாற்ற வேண்டியதாயிற்று. டப்பாவில் பெயர் மாறி நூறு வருஷம் தாண்டிவிட்டது, வடக்கே ஜனங்கள் வாயில் இன்னும் மாறவில்லை! 2016-இல் இங்குள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஒபாமா பேசும்போது, இந்த டெய்லர் ஹாம், போர்க் ரோல் சண்டையில் மட்டும் தலையிட மாட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

நீள ரொட்டி சாண்ட்விச் இன்னும் பெரிய கூத்து. நாட்டில் பெரும்பாலும் சப் என்றால் புரியும், ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபிலடெல்ஃபியாவில் அது ஹோகி, நியூயார்க்கில் ஹீரோ, யாங்கர்ஸ் பக்கம் வெட்ஜ். பெரியவள் போனில், "அப்பா, இங்கே கிரைண்டர்னு சொல்றாங்க, எனக்கு மாவுதான் ஞாபகம் வருது" என்றாள். எல்லாம் ஒன்றுதானே, சப் என்று கேட்டால் போதாதா என்று அவள் கேட்டதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற நாரிஸ்டவுனில் ஸெப் என்று ஒன்று கொடுக்கிறார்கள், அதில் கறி ஒரே வகை, தக்காளி, வெங்காயம் உண்டு, லெட்யூஸ் கிடையாது. ஹோகி கேட்டால் அது வராது. அந்தந்த ஊர்க் கடைக்காரர் எதை அடுக்குகிறார், எதை விடுகிறார் என்பதும் அந்தப் பெயரோடு சேர்ந்துதான் வருகிறது. அதனால் அந்த ஊரில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று அவளிடம் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது நியூ ஆர்லியன்ஸின் போ பாய் சாண்ட்விச். 1929-இல் அங்கே டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரு காலத்தில் டிராமில் வேலை பார்த்த பென்னி, கிளோவிஸ் மார்ட்டின் என்ற அண்ணன் தம்பிகள் உணவுக்கடை வைத்திருந்தார்கள். போராடுகிறவர்களுக்குச் சாப்பாடு இலவசம் என்று கடிதமே எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு முனையும் கூம்பின ரொட்டியில் வீணாவது அதிகம் என்று, ஜான் ஜென்டுசா என்ற ரொட்டிக்காரரிடம் சொல்லி ஒரே அகலத்தில் 40 அங்குல நீளத்துக்குச் சுட வைத்தார்கள். போராட்டக்காரர் யாராவது வருவது தெரிந்தால் "இதோ இன்னொரு புவர் பாய்", அதாவது ஏழைப் பையன், என்பார்களாம், அதுவே சாண்ட்விச்சுக்குப் பெயராயிற்று என்று பென்னி பிற்பாடு சொல்லியிருக்கிறார். பசித்தவனுக்குப் போட்ட சோறுடா அது. அதைப் போய் எப்படிச் சப் என்று சொல்வது?

எங்கள் தெரு முனையில் ஒரு இத்தாலியப் பெரியவர் டெலி, அதாவது கறியும் சாண்ட்விச்சும் விற்கிற கடை, வைத்திருக்கிறார். அங்கே விற்கிற ஒரு பதப்படுத்திய பன்றிக்கறிக்குப் பலகையில் காபிகோலா என்று எழுதியிருக்கும், அவர் வாயில் கபகூல்தான். நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த பேச்சு, கடைசி உயிரெழுத்தை விழுங்கிவிடும். இத்தாலியிலேயே தெற்கே கபோகோலோ, வடக்கே கோப்பா. கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவி, முதல் துண்டை வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மீதியை நிறுப்பார்.

உங்கள் ஊர் விஷயமும் கொஞ்சம் படித்தேன். முதல் உலகப்போரில் ஜெர்மன் என்ற சொல்லே ஆகாது என்றிருந்த காலத்தில், தெற்கு ஆஸ்திரேலியாவில் 1917-இல் 69 ஊர்களின் ஜெர்மன் பெயர்களை மாற்றச் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஹான்டார்ஃப் என்ற ஊர் கூட ஆம்பிள்சைட் ஆகி, 1935-இல்தான் பழைய பெயருக்குத் திரும்பியது. அதே மாநிலத்தில் இந்தக் கறிக்கு மட்டும் ஃப்ரிட்ஸ் என்ற ஜெர்மன் பெயர் நின்றுவிட்டது பார். சட்டத்தால் ஊரை மாற்ற முடிந்தது, கறிக்கடையில் நிற்கிற சனங்கள் வாயை மாற்ற முடியவில்லை. அங்கே கறிக்கடையில் குழந்தைகளுக்கு ஒரு துண்டு ஃப்ரிட்ஸ் சும்மா கொடுப்பார்களாமே, உன் பையனுக்குக் கிடைக்கிறதா?

டிசம்பரில் மச்சினன் வீட்டுக்கு பெர்த் போவதாகச் சொன்னாயே, அங்கே அதையே பொலோனி என்பார்கள். சுவையும் அதேதானா, வேறா என்று சாப்பிட்டுப் பார்த்து எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி