தேங்காய் எண்ணெய்ப் பால்

நைரோபி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் உன் அப்பா முகம் வந்து நிற்கும், பேனாவை மூடி வைத்துவிடுவேன். இன்று எழுத வைத்தது உன் செக்கு எண்ணெய்தான். எப்படி என்று சொல்கிறேன், கேள்.

நேற்று ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் யானைக்குட்டிக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். நைரோபி தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. முன்பதிவு செய்ய வேண்டும். பார்வையாளர்களுக்குப் பகல் 11 முதல் 12 வரைதான் நேரம். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு பாடா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் செம்மண் சேற்றுக்குழி. திடீரென்று புதருக்குள்ளிருந்து குட்டிகள் ஓடி வந்தன பார், மணி அடித்ததும் நாம் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக்கு ஓடுவோமே, அதே ஓட்டம்! பச்சைக் கோட்டு போட்ட பராமரிப்பாளர்கள் பெரிய பெரிய புட்டிகளோடு நின்றார்கள். ஒரு போக்கிரி தன் புட்டியை நாலே மடக்கில் காலி செய்துவிட்டுப் பக்கத்துக் குட்டியின் புட்டிக்குத் தும்பிக்கையை நீட்டியது. சேற்றில் புரண்ட இன்னொன்று கயிற்றோரமாக உரசிப்போனதில் என் வெள்ளைச் சட்டை போச்சு.

அந்தப் பாலில்தான் தேங்காய் எண்ணெய் இருக்கிறதாம். 1977-இல் கணவர் டேவிட் இறந்தபின் அவர் நினைவாக இந்த அறக்கட்டளையைத் தொடங்கிய டாஃப்னி ஷெல்ட்ரிக் அம்மாவின் கண்டுபிடிப்பு அது. பசும்பாலின் கொழுப்பு யானைக்குட்டிக்குச் சேராது. எத்தனையோ குட்டிகளைப் பறிகொடுத்து, வருடக்கணக்காக மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு, யானைப்பாலின் கொழுப்புக்குக் கிட்டத்தில் வருவது தேங்காய் எண்ணெய்தான் என்று பிடித்திருக்கிறார். மனிதக் குழந்தைக்குக் கொடுக்கிற பால்மாவில் அதைக் கலந்தார். செக்கு எண்ணெயை யார் சீந்துகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, யானை சீந்துகிறது!

ஆனால் பால் மட்டும் போதவில்லை. அந்தப் பாலில் முதன்முதலாகத் தேறிய குட்டி ஆயிஷா. டாஃப்னி அம்மா மகள் கல்யாணத்துக்காகச் சில நாள் வெளியே போக, அது ஏங்கிச் சாப்பிடாமலே இறந்துவிட்டது. அதிலிருந்து ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளாதபடி பராமரிப்பாளர்களை மாற்றி மாற்றி விடுகிறார்கள். இரவில் குட்டியின் கொட்டிலிலேயே ஒருவர் படுக்கிறார். கம்பளியைத் தொங்கவிட்டால், தாயின் வயிறென்று நினைத்து அதில் தும்பிக்கையைச் சாய்த்துக்கொண்டு பால் குடிக்குமாம்.

தந்தத்துக்காகத் தாயைக் கொன்றதால் தனித்துப்போனவை, கிணற்றில் விழுந்தவை, வறட்சியில் தவித்தவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. இதே பூங்காவில்தான் 2016-இல் 105 டன் தந்தத்தை அரசாங்கம் கொளுத்தியது. அதைப் பற்றி இன்னொரு நாள். தேறிய குட்டிகளைச் சாவோ காட்டுப் பக்கம் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டு யானைகளோடு பழக விடுகிறார்கள். சில பெண் யானைகள் பல வருடம் கழித்துத் தாங்கள் ஈன்ற குட்டியோடு பழைய ஆட்களைப் பார்க்க வருகின்றனவாம். பேத்தியைக் காட்ட ஊருக்கு வருகிற மாதிரி!

திரும்பி வரும்போது உன் அம்மா நினைப்புதான். அப்பா போன பிறகு இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, சத்து மாவு, டானிக் எல்லாம் கொடுத்தாயிற்று என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, நீ காலை ஆறு மணிக்குச் செக்குக்குப் போனால் இரவுதானே வீட்டுக்கு வருகிறாய்? செக்கில் அப்பா உட்கார்ந்த பெஞ்சில் மத்தியானம் அம்மாவை உட்கார வை. கொப்பரை நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கையால் பார்த்துச் சொல்ல உங்கள் வீட்டில் அவரைவிட ஆள் ஏது? சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொல்லி, நீயும் கூட உட்கார்ந்து சாப்பிடு.

தை பிறந்ததும் வருகிறேன். அம்மா கையால் பருப்புக் குழம்பு வேண்டும் என்று கேட்டேன் என்று இப்போதே சொல்லி வை.

உன்,
சுந்தரம்