இன்னொருவர் வெள்ளிக்குத் தனி டப்பா

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
மார்கழி 20

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பொங்கலுக்கு முன் முடித்துக் கொடுக்க வேண்டிய கொலுசு இன்னும் ஆறு கிலோ பாக்கி. பட்டறையில் இரவு ஒன்பது மணி வரை வேலை நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன வட்டியில்லா கிரெடிட் கார்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் கணக்கைக் காதால் கேட்டால் மனதில் நிற்பதில்லை. நீயும் "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறாய். தாளில் இருந்தால் இரண்டு முறையாவது படிப்பாய்.

நீ செய்ய நினைப்பது தவறு என்று சொல்ல நான் எழுதவில்லை. நீ சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: புதிதாக வாங்கும் கார்டில் 18 மாதம் வட்டி கிடையாது. மளிகை, பஸ், துணிமணி என்று மாதம் 750 பவுண்ட் போல அந்தக் கார்டிலேயே செலவு செய்வாய். அந்தச் செலவுக்கென்று சம்பளத்தில் ஒதுக்கும் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வட்டி வாங்குவாய். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கார்டுக்குக் கட்டுவாய். 18 மாதம் முடிவதற்குள் மொத்தத்தையும் எடுத்து அடைத்துவிடுவாய். நடுவில் வந்த வட்டி உனக்கு. பிரிட்டனில் இப்படிச் செய்பவர்கள் நிறையப் பேர் இருப்பதாகச் சொன்னாய். நம்புகிறேன். வியாபாரி கொடுத்த வெள்ளியில் வேலை செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு இது புரியாத சங்கதி இல்லை.

நீ அனுப்பிய கார்டு நிபந்தனைகளைப் பக்கத்துக் கடையில் அச்செடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஏற்காடு போனேன். பெரியப்பா முப்பது வருடம் வங்கியில் இருந்தவர்; அவர் ஒருமுறை படித்துவிட்டால் எனக்குத் தூக்கம் வரும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. வாசலில் காப்பிப் பழம் காயப்போட்டிருந்தார்கள். அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, கையில் பென்சிலோடு ஒவ்வொரு வரியாகப் படித்தார். கீழே வரும் கணக்கில் பாதி அவர் சொன்னது, பாதி நான் போட்டது.

லாபத்தின் அளவைச் சொல்கிறேன். கார்டின் வரம்பு 3,500 பவுண்ட் என்றாய். நான்கு மாதத்தில் 3,000 வரை ஏறும், அதோடு அதில் வாங்குவதை நிறுத்திவிட வேண்டும். சேமிப்பில் 4 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3,000 பவுண்டுக்கு மாதம் 10 பவுண்ட் வட்டி. முதல் நான்கு மாதம் தொகை ஏறிக்கொண்டிருக்கும், குறைந்தபட்சத் தொகை கட்டுவதால் கொஞ்சம் இறங்கும். ஒன்றரை வருடம் முழுக்கச் சரியாக நடந்தால் ஏறக்குறைய 150 பவுண்ட் கைக்கு வரும். பட்டறைத் தரையைக் கூட்டி, அந்தத் தூளைச் சேர்த்து வைத்து, உருக்கி எடுக்கிறோமே, அந்த வெள்ளி போன்றது இது. நிஜமான வெள்ளிதான், நம் வெள்ளிதான். ஆனால் கிலோக் கணக்கில் வராது. அதை நினைத்து யாரும் வீடு கட்டுவதில்லை.

இப்போது மறுபக்கம். 18 மாதம் முடிந்த மறுநாள் அந்தக் கார்டுக்கு வழக்கமான வட்டி தொடங்கிவிடும். வருடத்துக்கு 24 சதவீதம் என்று வைத்தால் 3,000 பவுண்டுக்கு மாதம் 60 பவுண்ட். நீ ஒன்றரை வருடம் சேர்த்ததை இரண்டரை மாத மறதி தின்றுவிடும். இந்த இரண்டு எண்களையும், 10ஐயும் 60ஐயும், பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார். பெரியப்பா அந்த இடத்தில்தான் பென்சிலால் இரண்டு கோடு போட்டார்.

இதைச் சொல்லும்போது உனக்கு முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011 தை மாதம். நீ எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். லீ பஜார் பக்கத்து வியாபாரி ஒருவர் நான்கு கிலோ வெள்ளியை அப்பாவிடம் கொடுத்து, சித்திரையில் கொலுசாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அன்று வெள்ளி கிலோ 45 ஆயிரத்தைச் சுற்றி நின்றது. அதற்கு முன் அப்படி ஒரு விலையை நாங்கள் பார்த்ததில்லை. இதற்கு மேல் ஏறாது, இறங்கத்தான் செய்யும் என்று அப்பா நினைத்தார். இரண்டு கிலோவில் வேலையைத் தொடங்கிவிட்டு, மீதி இரண்டு கிலோவை விற்றுவிட்டார். விலை இறங்கியதும் வாங்கி வைத்துவிடலாம், நடுவில் வரும் வித்தியாசம் உன் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும் என்பது அவர் கணக்கு. எனக்கும் சொல்லவில்லை.

மாசியில் ஏறியது. பங்குனியில் இன்னும் ஏறியது. ஏப்ரல் கடைசியில் கிலோ 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வியாபாரி சொன்ன தேதியில் வந்து நின்றார். முதல் நாள் இரவுதான் அப்பா என்னிடம் சொன்னார். பட்டறைத் தராசின் முன்னால் உட்கார்ந்து, எடைக்கல்லை எடுத்து வைப்பதும் இறக்குவதுமாக இருந்தார், எதிர்த்தட்டு காலி. மறுநாள் காலை என் இரட்டைவடச் சங்கிலியை விற்று, கிலோவுக்கு 25 ஆயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து, இரண்டு கிலோ வெள்ளியை வாங்கி எடை போட்டுக் கொடுத்தோம். சங்கிலி அடகில் இருப்பதாக உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது விற்றது. மே மாதம் பிறந்ததும் வெள்ளி மளமளவென்று விழுந்தது. பத்து நாள் பொறுத்திருந்தால் நஷ்டத்தில் பாதிக்கு மேல் தப்பியிருக்கும். ஆனால் வெள்ளிக்குச் சொந்தக்காரர் ஏன் பொறுக்க வேண்டும்? அவர் சொன்ன தேதியில் வந்தார்.

அதற்குப் பிறகுதான் பட்டறையில் இரண்டு டப்பா வைத்தேன். வியாபாரி வெள்ளி சிவப்பு மூடி போட்டதில், நம் வெள்ளி எவர்சில்வர் டப்பாவில். வருகிற எடை, போகிற எடை இரண்டும் என் நோட்டில் ஏறாமல் ஒரு கிராம்கூட நகராது. நீ பள்ளியில் படிக்கும்போது அந்தச் சிவப்பு மூடியைத் திறந்து என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய்.

உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். கார்டில் செலவழித்த தொகைக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திற. சம்பளக் கணக்கோடு கலக்காதே. கார்டில் 42 பவுண்ட் செலவானால் அன்றைக்கே 42 பவுண்ட் அந்தக் கணக்குக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் கார்டு நிலுவையும் அந்தக் கணக்கின் இருப்பும் சமமாக இருக்கிறதா என்று பார். இருப்பு குறைந்தால், அந்த மாதம் நீ லாபம் சம்பாதிக்கவில்லை, கடன் வாங்கியிருக்கிறாய். இந்த வழியில் இறங்கியவர்களில் பலர் விழும் இடம் இதுதான் என்றார் பெரியப்பா. கார்டு கையில் இருந்தால் 30 பவுண்ட் செருப்பு இருந்த இடத்தில் 50 பவுண்ட் செருப்பு வருகிறது. அப்படி மாதம் 20 பவுண்ட் கூடினால் 10 பவுண்ட் வட்டி எங்கே போனது?

அந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடலாம், வருமானம் கூடுதலாக வரும் என்று மாப்பிள்ளை சொன்னதாகவும் சொன்னாய். அவர் விவரம் தெரிந்தவர்தான். அவருடைய சொந்தச் சேமிப்பை எங்கே வேண்டுமானாலும் போடட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். இந்தப் பணத்தை மட்டும் வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் தேதி முன்னமே எழுதப்பட்ட பணம் இது. கேட்ட அன்று முழுதாகக் கையில் வரும் கணக்கில் இருக்கட்டும். 2011 கதையை அவரிடமும் சொல். அப்பாவுக்கு வருத்தம் இல்லை, கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அடுத்தது தேதி. அந்த 18 மாதம் நீ முதல் பொருள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, கணக்கு திறந்த நாளிலிருந்து ஓடுகிறது. கார்டு தபாலில் வந்து, நீ மேசை இழுப்பறையில் இரண்டு மாதம் போட்டுவைத்தால் உனக்கு மிஞ்சுவது 16 மாதம். ஒரு மாதம் குறைந்தபட்சத் தொகை கட்டத் தவறினாலும் வட்டியில்லாச் சலுகையையே எடுத்துவிடலாம் என்று நிபந்தனையில் எழுதியிருக்கிறது. வரம்பைத் தாண்டினாலும் அப்படித்தான். அதனால் 3,000க்கு மேல் போகாதே, மேலே 500 சும்மா கிடக்கட்டும். தாமதக் கட்டணம் 12 பவுண்ட் என்று போட்டிருக்கிறது. அது போனால் போகிறது, ஆனால் தவறிய தவணை, கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் உன் கடன் பதிவில் ஆறு வருடம் இருக்குமாம். கார்டு கைக்கு வந்த அன்றே, முதல் செலவுக்கு முன்பே, குறைந்தபட்சத் தொகை வங்கியிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடு.

கடைசியில் அடைக்கும்போது ஒரு பென்னி பாக்கி இல்லாமல் அடை. இது என் சொந்த அனுபவம். நான்கு வருடத்துக்கு முன் பட்டறைக்கு மெருகு போடும் இயந்திரம் ஒன்றை என் கிரெடிட் கார்டில் வாங்கினேன். பில் 38,640 ரூபாய். கொலுசுக் கூலி வாங்கும்போது சில்லறையைத் தள்ளிக்கொள்கிற பழக்கத்தில், 38,000 கட்டிவிட்டு, 640ஐ அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த பில்லில் 640க்கு வட்டி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 38,640 முழுவதுக்கும், வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்ட வட்டி. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியது. அது மட்டுமில்லை, பாக்கி இருந்ததால் அந்த மாதம் வாங்கிய மற்ற சாமான்களுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது என்றார்கள். வங்கியில் போய்க் கேட்டேன். அந்தப் பெண் நிபந்தனைத் தாளை எடுத்துக் காட்டினாள். அதில் அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டவள் நான்தான், படிக்காதவளும் நான்தான். உன் ஊர்க் கார்டின் விதிகள் வேறாக இருக்கலாம், ஆனாலும் அந்த 640 ரூபாயை மறக்காதே.

இன்னொன்று, எங்களுக்குப் பணம் அனுப்ப அந்தக் கார்டைத் தொடாதே. மெஷினில் பணமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி, கட்டணம் வேறு. வெளிநாட்டுக்குக் கார்டிலிருந்து பணம் அனுப்புவதையும் பல வங்கிகள் பணம் எடுத்ததாகவே கணக்கில் வைக்கும் என்றார் பெரியப்பா. சித்திரைக்கு நீங்கள் வரும்போது கடைவீதியில் புடவைக்கும் அந்தக் கார்டை நீட்ட வேண்டாம். வெளிநாட்டில் பயன்படுத்தினால் பெரும்பாலான கார்டுகளுக்கு 3 சதவீதத்தை ஒட்டிக் கட்டணம் உண்டு. புடவை நான் எடுத்துத் தருகிறேன்.

18 மாதம் முடிந்ததும் பாக்கியை வேறொரு வட்டியில்லாக் கார்டுக்கு மாற்றித் தொடரலாம் என்றாயே, அதில் எனக்கு விருப்பமில்லை. மாற்றுவதற்கு 3 சதவீதம் கட்டணம் என்றால் 3,000க்கு 90 பவுண்ட் முதல் நாளே போய்விடும். மாற்றிய பாக்கிக்கு வட்டி இல்லை என்பதை மட்டும் பார்த்து அந்தக் கார்டிலேயே புதிதாக வாங்கினால், அந்தப் புதுச் செலவுக்கு முழு வட்டி விழலாம். ஒரு முறை செய், அடை, நிறுத்து.

வரி பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவருக்கு வருடம் 1,000 பவுண்ட் வரை சேமிப்பு வட்டிக்கு வரி இல்லை, அடுத்த விகிதத்தில் இருப்பவருக்கு 500. உன் 150 அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் வீடு வாங்கும் எண்ணம் இருக்கிறதே, அதை யோசி. அடுத்த வருடம் வீட்டுக் கடன் கேட்கப் போகிறீர்கள் என்றால் இதைத் தொடங்கவே வேண்டாம். கடன் கொடுப்பவர் கார்டில் 3,000 பாக்கி என்று பார்ப்பார். அதற்கு ஈடாகப் பணம் தனியாக வைத்திருக்கிறாய் என்று அவருக்கு யார் சொல்வது? புதுக் கார்டுக்கு விண்ணப்பித்த அடையாளமும் பதிவில் தெரியும். 150 பவுண்டுக்காக 25 வருடக் கடனின் வட்டியைக் கூட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வீடு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் என்றால் தாராளமாகச் செய். விண்ணப்பிக்கும் முன், பதிவில் அடையாளம் விழாமல் தகுதி பார்க்கும் வசதி உண்டு என்று நீயே சொன்னாய், அதில் பார்த்துவிட்டுப் போ. விளம்பரத்தில் "18 மாதம் வரை" என்று இருக்கிறது. உனக்கு 12 மாதம்தான் கொடுத்தாலும் கொடுப்பார்கள். கைக்கு வரும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போடு.

பெரியப்பா மிளகு அரைக் கிலோ கொடுத்தார். ஆட்டையாம்பட்டி முறுக்கும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன். அப்பா உனக்கென்று ஒரு ஜோடி மெல்லிய கொலுசு செய்து வைத்திருக்கிறார், அதைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, நீ வரும்போது போட்டுக்கொள்.

கார்டு வந்ததும் கணக்கு திறந்த தேதியையும் சலுகை முடியும் தேதியையும் எனக்கு எழுது. வருகிற வருடத்துக் காலண்டர் இன்னும் வரவில்லை, அதனால் பட்டறை நோட்டின் பின் அட்டையில் குறித்து வைக்கிறேன். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு போன் செய்வேன், அன்றைக்கு இருப்பு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று இரண்டு எண்களைச் சொல்.

அன்புடன்,
அம்மா