கோளரங்க நிகழ்ச்சி தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயா, அம்மா,

வணக்கம். போன மாதம் என் ஒன்பது வயது மகளை ஒரு கோளரங்கத்துக்கு அழைத்துப்போனேன். நிகழ்ச்சி நன்றாகத்தான் போனது. கடைசியில் விண்மீன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லாம் இருளில் முடியும் என்றது ஒரு கனத்த குரல். உடனே ட்யூப்லைட்டைப் போட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த காட்சிக்கு ஆள் நிற்கிறதாம். பஸ்ஸில் மகள் கேட்டாள்: "அப்போ நான் எதுக்குப்பா வாய்ப்பாடு படிக்கணும்?"

நீங்கள் சொன்னது பொய்யில்லை. அண்டம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் இரண்டு குழுக்கள், தொலைதூரத்தில் வெடித்த விண்மீன்களின் ஒளியை அளந்து சொல்லின. இப்படியே போனால் இருளும் குளிரும்தான் மிச்சம். சரி, எப்போது? விண்மீன்கள் பிறப்பது ஏறக்குறைய நின்றுபோகச் சுமார் கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்பது கணக்கு. பேச்சுவழக்கில் சொல்லும் கோடி கோடி அல்ல. கோடியைக் கோடியால் பெருக்கி வரும் எண், 1-க்குப் பின் 14 சுழியம். அண்டத்தின் இன்றைய வயதோ 1,380 கோடிதான். அன்று இரவு மகளும் நானும் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தோம் (வாய்ப்பாடு உதவியது). விண்மீன் காலம் முழுவதையும் நூறு வயதாக வைத்தால், அண்டம் பிறந்து ஐந்து நாள்தான் ஆகிறது. தொப்புள்கொடிகூட விழாத பிள்ளைக்குக் கருமாதி நடத்திக் காட்டியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். 10,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் போனால், நம் அருகிலுள்ள சில விண்மீன் மண்டலங்களைத் தவிர மற்றவை பார்வைக்கு எட்டாமல் விலகியிருக்கும். அப்போது வானத்தைப் பார்ப்பவர்களுக்கு, அண்டம் விரிகிறது என்பதற்கான தடயமே கிடைக்காமல் போகலாம். முடிவு வரும் என்று கண்டுபிடிக்கவே நாம் சரியான நேரத்தில் பிறந்திருக்கிறோம். எனக்கு இது பயத்தைவிட மலைப்பைத்தான் தருகிறது.

சூரியன் நொடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் தன் நிறையை இழந்துதான் வெளிச்சம் தருகிறது. அந்தச் செலவில்தான் நெல் விளைகிறது, துணி காய்கிறது. குறையாமலே இருக்கும் சூரியனால் நமக்கு என்ன பயன்? இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமே.

மகள் மறுபடி வரவேண்டும் என்கிறாள். அப்போது அந்த ட்யூப்லைட்டை மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்